எண்ணாமல் விட்ட ஒன்று

பன்னிரண்டு மணிக்குள் தெரிந்துவிடும் என்று சங்கவி சொல்லியிருந்தாள். இப்போது பதினொன்று ஐந்து. பரிமளம் கூடத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்துப் போட்ட காயையே மறுபடி கையில் எடுத்து நார் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை, எடுத்தாயிற்று. படுக்கையறைக் கதவு மழையில் ஊதிப்போனதிலிருந்து முழுதாக மூடுவதில்லை, ஒரு விரல் அகலம் எப்போதும் திறந்தே நிற்கும். அந்த விரலகலத்தில் மகளின் பின்கழுத்தும், கிளிப் போட்ட கொண்டையும், அதற்கு அப்பால் கம்ப்யூட்டரின் ஒரு ஓரமும் தெரிந்தன. அந்த ஓரத்தில் பச்சையாக ஏதோ வரி வரியாக ஏறிக்கொண்டிருந்தது. பச்சை என்றால் நல்லது. சிவப்பு வந்தால்தான் கெட்டது. நேற்று இரண்டு சிவப்பு வந்தது. இன்றைக்கு வராது, தப்பு எங்கே என்று காலையிலேயே கண்டுபிடித்துவிட்டாள், ஆறரை மணிக்குப் பல் துலக்கும் பிரஷ் வாயில் இருக்க "கெடச்சிருச்சும்மா" என்று நுரை தெறிக்கக் கத்தினாளே, அப்போதே பாதிப் பயம் இறங்கிவிட்டது. பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, வாசல்வரை போய்விட்ட மாதிரி. வாசலைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். ஆறாயிரத்துச் சொச்சம் சோதனையும் பச்சையாக முடிந்து, அதை மேலதிகாரி மாதங்கி மேடம் பார்த்து, சரி என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சங்கவி நாலு மாதமாக எழுதியதை மொத்தமாகப் பிடுங்கி எடுத்துவிடுவார்கள். அவளைக் கம்பைலர் குழுவிலிருந்து தூக்கி, வாடிக்கையாளர் புகாரைப் போனில் கேட்கிற பிரிவில் போட்டுவிடுவார்கள். போன வெள்ளிக்கிழமையே மேடம் சொல்லியாகிவிட்டது. திட்டிச் சொல்லவில்லையாம், அமைதியாகச் சொன்னாராம். அமைதியாகச் சொன்னதுதான் பயம். திட்டுகிறவர்கள் மறந்துவிடுவார்கள்.

காலையில் தோசைக்கல் முன்னால் நின்றபோது சங்கவி பின்னால் வந்து சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "அம்மா, நீ ஒரு பத்து நிமிஷம் மாதங்கி மேடமா இரு. நான் சொல்லிப் பாத்துக்கிறேன்." "நானா? நான் என்னத்தக் கேக்க?" "ஒண்ணும் கேக்க வேணாம். புரியலன்னா மூஞ்சிய இப்படி வச்சுக்க." "என் மூஞ்சி எப்பவும் அப்படித்தாண்டி இருக்கு." சிரித்தாள் பிள்ளை. பத்து நாள் கழித்துச் சிரித்தாள். அதற்காகவே எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமல், அடுப்பைக் குறைத்து வைத்தாள். கம்பைலர் என்றால் நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது, அது அவளுக்கே தெரியும். இது லாம்டா என்று ஒன்று. "அது ஒரு சின்ன வேலைம்மா. அதுக்குப் பேரு வைக்க மாட்டோம். வேலை வர்ற எடத்துலயே, அங்கனயே எழுதிட்டுப் போயிருவோம். சுத்திக் கெடக்கிற சாமான்ல தனக்கு எது வேணுமோ அத மட்டும் மூட்டையாக் கட்டிக்கிட்டு அது கெளம்பிரும்." "பேரு இல்லாம எப்படிடி கூப்புடுறது?" "நாம கூப்புடுறதில்ல. கம்பைலருக்குத்தான் ஒரு அடையாளம் வேணும். வர்ற வரிசைல நம்பர் போட்டுக்கும். ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது." தோசை ஓரம் தூக்கிக்கொண்டது. திருப்பிப் போட்டாள். மெஷினுக்குள் இரண்டு மூளையாம். சிபியு என்பது மேஸ்திரி மாதிரி, யோசித்து ஒவ்வொன்றாகச் செய்யும். ஜிபியுவில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள், ரொம்ப யோசிக்க மாட்டார்கள், ஆனால் சொன்ன ஒரே வேலையை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் செய்து முடித்துவிடுவார்கள். மேஸ்திரி பாஷை வேறு, அந்த ஆயிரம் பேர் பாஷை வேறு. அதனால் கம்பைலர் எழுதின பக்கத்தையே இரண்டு தடவை வாசிக்கும், இவருக்காக ஒரு தடவை, அவர்களுக்காக ஒரு தடவை. இரண்டு வாசிப்பிலும் பெயரில்லாததுகளுக்கு நம்பர் போடும். "நான் என்ன பண்ணேன்னா, ஜிபியுக்காக வாசிக்கும்போது, மேஸ்திரிக்கு மட்டுமான லாம்டா ஒண்ணு வந்தா, இது இவங்களுக்குத் தேவையே இல்லையே, எதுக்கு எண்ணிக்கிட்டுன்னு தாண்டிப் போகச் சொல்லிட்டேன். வேகமாப் போகட்டும்னு. அங்கதான் போச்சு." விரலை மடக்கிக் காட்டினாள். இந்தப் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்தப் பக்கம் இரண்டாவதை எண்ணவில்லை, அதனால் மூன்றாவது இரண்டாகிவிட்டது, நான்காவது மூன்றாகிவிட்டது. "மேஸ்திரி மூணாவது வேலையச் செய்யுங்கன்னு சொல்றாரு. ஆயிரம் பேரும் நாலாவது வேலையச் செஞ்சு வைக்கிறாங்க. சத்தமே இல்லாம. ரெண்டு வேலையும் வேற வேற மாதிரி மூட்டையா இருந்தா ஒடனே ஒடஞ்சு தெரிஞ்சிரும். ஒரே அளவா இருந்துச்சுன்னா தெரியவே தெரியாது." அப்படித்தான், இலையைப் படம் எடுத்து நோய் இருக்கிறதா என்று மெஷினை வைத்துப் பார்க்கிற ஒரு கம்பெனிக்காரனின் கத்தரித் தோட்டத்துப் படத்தில் நல்ல இலையெல்லாம் நோய் இலை என்று வந்ததாம். பரிமளம் தோசையை எடுக்கவில்லை. கருகுகிற வாசனை வந்தது. "அதுக்கு இப்ப என்ன செஞ்ச?" "இல்லாததையும் எண்ணச் சொல்லிட்டேம்மா. தேவையோ தேவையில்லையோ, நம்பரக் கொடுத்துட்டு அப்பறமாத் தாண்டிப் போ. அவ்வளவுதான். ஒத்த வரி. ம்மா, தோச."

இல்லாததையும் எண்ணவேண்டும். அவரைக்காய் கையில் இரண்டாக ஒடிந்தது. அன்றைக்கு நாலு பிரசவம். விருதுநகரில், எட்டுக் கட்டில் போட்ட ஆஸ்பத்திரியில், சங்கவிக்கு நாலு வயதாக இருந்தபோது, பரிமளத்துக்குக் குழந்தை அறையில் வேலை. பிறந்தது வந்ததும் துடைத்து, துணி சுற்றி, கையில் பிளாஸ்திரி ஒட்டி அதில் பேனாவால் நம்பர் எழுதவேண்டும். பெயரா இருக்கிறது அதுகளுக்கு? பெயர் வைக்க நாளாகும். அதுவரை ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர்தான். பிரசவ அறையில் நர்ஸ் நோட்டில் நம்பர் போடுவார், இங்கே இவள் பிளாஸ்திரியில் போடுவாள், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுவது கிடையாது, வருகிற வரிசைதான் கணக்கு. அன்று காலையில் இரண்டாவதாகப் பிறந்தது மூச்சு விடவில்லை. அது குழந்தை அறைக்கு வரவே இல்லை. நர்ஸ் நோட்டில் அதற்கும் இரண்டு என்று எழுதியிருந்தார். இவளுக்கு யார் சொன்னார்கள்? வந்தது மூன்று, இவள் ஒன்று இரண்டு மூன்று என்று ஒட்டினாள். "மூணாம் நம்பரக் கொண்டாக்கா" என்று குரல் வந்தது. மூன்றாம் நம்பரைத் தூக்கிக்கொண்டு போனாள். நடையில் பாதி தூரம் போனபோது கை ஈரமாயிற்று. துணி மாற்றலாம் என்று அங்கேயே சுவரோரம் சாய்ந்து பிரித்தாள். ஆண். குழந்தையைக் கேட்ட கட்டில்காரிக்குப் பெண் என்று சொல்லியிருந்தார்கள், அவளுடைய மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இவளே பார்த்திருந்தாள். நடையில் அப்போது ஒருவரும் இல்லை. ஒரு பல்லி மட்டும் இருந்தது. பல்லி ஏன் ஞாபகம் இருக்கிறது? திரும்பி வந்து, நோட்டை வாங்கிப் பார்க்கவும் பயந்து, எப்படியோ விசாரித்து, பிளாஸ்திரியைப் பிய்த்து வேறு ஒட்டினாள். பிய்க்கும்போது அந்தப் பெண் குழந்தை அழுதது. யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டில் அவரிடம்கூடச் சொல்லவில்லை. மறுவாரம் தானாகவே, "எனக்குக் கொழம்புது, பேரோட எழுதுவோமே" என்று அம்மா பெயரையும் சேர்த்து எழுத ஆரம்பித்தாள். நல்ல யோசனை என்று நர்ஸ் பாராட்டினார்.

அன்றைக்குச் சரியாகிவிட்டது. ஆணும் பெண்ணும், தப்பவே முடியாது. ஆனால் அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் பதினோரு மாதம் வேலை பார்த்திருந்தாளே, அதில் எந்த நாளிலாவது இப்படி ஒன்று வராமல் போயிருந்து, மீதி எல்லாம் பெண்ணாகவே இருந்திருந்தால்? ஒரே அளவு மூட்டை. தெரியவே தெரியாது என்று சங்கவி சொன்னாளே. பஸ்ஸில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளை எதிரே உட்கார்ந்தால் அந்த மூக்கையும் பக்கத்தில் இருக்கிற அம்மாவின் மூக்கையும் பார்ப்பாள். இவளாகப் போய் "நீங்க விருதுநகரா?" என்று கேட்டு, மதுரை என்று பதில் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி மூச்சு விட்டிருக்கிறாள். எத்தனை தடவை! ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் வந்து முட்டி, ஒவ்வொரு தடவையும் பிறகுதான் ஞாபகம் வரும். அது சின்ன ஆஸ்பத்திரி, நாளைக்கு ஒன்று, எப்போதாவது இரண்டு பிறக்கும். ஒரே நாளில் நாலு பிறந்தது அந்த ஒரு நாள்தான், அதனால்தானே எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள், டாக்டரம்மா அல்வா வாங்கித் தரச் சொன்னதும் பிறகு அந்த இரண்டாவதை நினைத்து வேண்டாம் என்று சொன்னதும் அன்றைக்குத்தான். ஒரு குழந்தை மட்டும் இருக்கிற அறையில் எதை எதோடு மாற்றுவது? ஆமாம். அப்படித்தான். அப்பாடா. இந்த அப்பாடாவைக் கணக்குப் போட்டால் இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரம் வரும். போட்டு வைத்த இடம் மறந்து, வீடெல்லாம் தேடி, கடைசியில் இடுப்பிலேயே சாவியைக் கண்டுபிடிப்பது மாதிரி. அந்த இரண்டாவதுக்கு மட்டும் நம்பர் ஒட்டப்படவில்லை. அதை இவள் பார்த்ததுகூட இல்லை. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. அதை எண்ணாமல் விட்டதால்தானே எல்லாம் ஒரு இடம் நகர்ந்தது.

உள்ளே பேச்சு ஆரம்பித்துவிட்டது. சங்கவியின் இயர்போனில் ஒரு காது வேலை செய்யாததால் ஸ்பீக்கரில்தான் பேசுகிறாள். எல்லாம் இங்கிலீஷ். பரிமளத்துக்கு அது ஓடுகிற தண்ணீர் மாதிரி, சத்தம் கேட்கும், பிடிக்க முடியாது. நடுநடுவே தெரிந்த கல் ஒன்று தட்டுப்படும். லாம்டா. ஜிபியு. டூ டைம்ஸ். மகளின் குரல் முதலில் மெல்லியதாக இருந்தது, பிறகு காலையில் விரல் மடக்கிய இடத்துக்கு வந்துவிட்டாள் போல, குரல் நின்று நிதானித்தது. தீபக் என்கிற பையன் ஒருத்தன் இருமினான், அல்லது சிரித்தான். அவன்தான் சங்கவி எழுதியதை முதலில் சரிபார்த்து அனுப்பினவன். அவனும்தானே பார்த்தான், அவன் கண்ணிலும்தானே படவில்லை. அதைச் சொல்லடி. அவனும் பார்த்தான் என்று ஒரு வார்த்தை போட்டு வை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று அதிலிருந்து இரண்டு கல் ஒன்றாக வந்து விழுந்தது. மை மிஸ்டேக். இந்த இரண்டு வார்த்தை பரிமளத்துக்குத் தெரியும். கை நின்றுவிட்டது. ஏண்டி! யார் கேட்டார்கள்? கண்டுபிடித்தேன், சரிசெய்தேன் என்று முடித்துக்கொள்ளக் கூடாதா? தானாகவே போய்க் கழுத்தை நீட்டுகிறாளே. உள்ளே எழுந்து போய்க் கதவைத் தட்டிவிடலாமா, அடுப்பு, கேஸ், ஏதாவது சொல்லி. உடம்பு எழுந்திருக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து வரவில்லை. நான் பிளாஸ்திரியைப் பிய்த்து ஒட்டிவிட்டு, அந்த நடையில் திரும்பி நடந்துபோய், சரியான குழந்தையைச் சரியான கையில் கொடுத்துவிட்டு, நல்லாப் பால் குடிக்குதா என்று கேட்டவள். அவள் அப்பாவிடமிருந்தும் வந்திருக்காது, அவர் பால் பொங்கினால் பாத்திரத்தைக் குறை சொல்கிறவர்.

ஸ்பீக்கரில் சத்தமில்லை. லைன் போய்விட்டதா? பதினொன்று நாற்பது. அந்த விரலகலத்தில் பச்சை ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஒரு பல்லிகூட இல்லாத சுவர். தெருவில் காய்கறி வண்டிக்காரன் மைக்கில் முள்ளங்கி, முள்ளங்கி என்று சொல்லிக்கொண்டு போனான், அது உள்ளே அவர்களுக்கும் கேட்குமே என்று அதற்கும் சேர்த்துப் பயந்தாள். அப்போது ஒரு சிரிப்பு கேட்டது. பொம்பளைச் சிரிப்பு. மாதங்கி மேடம். இதுவரை இந்த வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டதில்லை. என்ன சிரிப்பு இது? சிரிப்பில் எத்தனை இருக்கிறது. ஆளைத் துரத்துவதற்கு முன்னால் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறது, டாக்டரம்மா ஒரு ஆயாவை நிறுத்தும்போது அப்படித்தான் பல் தெரியச் சிரித்தார். பாவம் என்கிற சிரிப்பு இருக்கிறது. இது இரண்டிலும் சேரவில்லை. இது வயிற்றிலிருந்து வந்தது. பிறகு, இவளுக்காகவே மாற்றின மாதிரி, தமிழ் வந்தது. "சங்கவி, நீ நாலு மாசத்துல புடிச்சிட்ட. நான் இதே தப்ப வேற எடத்துல பண்ணி, ஒரு வருஷம் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. ஒரு நாள் குளிக்கும்போது ஞாபகம் வந்து, சோப்போட ஓடி வந்தேன்." "நான் பிரஷ்ஷோட, மேடம்." "தீபக், சிரிக்காத. நீயும்தான் பாத்து ஓகே சொன்ன." "நான் அப்ப சாப்பிட்டுட்டு இருந்தேன் மேடம்." "நீ எப்பதான் சாப்பிடாம இருந்த?" மூன்று பேரும் சிரித்தார்கள். பரிமளத்தின் வாயும் தானாகக் கோணிக்கொண்டது, ஆனால் சிரிக்கலாமா என்று இன்னும் தெரியவில்லை. சரி என்று சொல்லவில்லையே. சிரித்தது வேறு, சரி என்பது வேறு. "டெஸ்ட் முடியட்டும். எவ்வளவு இருக்கு?" "இருநூத்திப் பத்து, மேடம்." இருநூற்றுப் பத்து. பரிமளம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்துச் சிவப்பு தெரிந்துவிட்டால்? மூடினால் உள்ளே சிவப்பாக இருந்தது, ஜன்னல் வெயில். உடனே திறந்தாள். பச்சை. பிறந்ததும் ஒவ்வொன்றும் அழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது மாதிரி நின்றாள், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே. ஒன்று அழுதால் போதாது, அடுத்தது அழ வேண்டும், அதற்கடுத்தது. சங்கவியின் கொண்டை அசையவில்லை. அந்த மூன்று பேரும் மூன்று வீட்டில் இதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மேடம்கூட. அவ்வளவு பெரிய மேடமும் இப்படிக் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டு இருப்பார் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு, கடைசி முடிச்சுக்கு முந்தினது, தளர்ந்தது.

பச்சை ஏறுவது நின்றது. அது நின்றதும் இவளுக்கு மூச்சு நின்றது. "அவ்ளோதான், மேடம்." "ஒண்ணும் செவப்பில்லையே?" "இல்ல." "அந்தக் கத்தரித் தோட்டம்?" "அதுவும் ஓடிருச்சு. எல்லா இலையும் நல்ல இலை." "அப்ப வச்சுக்கிறோம். உன் வேலை அப்படியே இருக்கட்டும், இந்த ஒத்த வரியோட சேத்து உள்ள போடு. இந்தத் தப்பு எப்படி வந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதி எல்லாருக்கும் அனுப்பு, அடுத்தவங்க இதுல விழாம இருக்கட்டும். வேற டீமுக்குப் போற பேச்ச மறந்துரு." ஏதோ டொய்ங் என்று சத்தம், பேச்சு முடிந்தது. சங்கவி கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. மேசையில் தலையைச் சாய்த்தாள், அழுகிறாளோ என்று பார்த்தால் தோள் ஆடவில்லை. சும்மா சாய்ந்திருந்தாள். பிறகு வந்தாள். கதவை இழுத்துத் திறந்ததில் அது தரையில் உராய்ந்து கிறீச்சிட்டது. தட்டைப் பார்த்தாள். "என்னம்மா இது, அவரைக்காயக் கொன்னு வச்சிருக்க?" நார் எடுத்து எடுத்து ஒவ்வொன்றும் நூல் மாதிரிக் கிடந்தது. "நீ ஏண்டி என் தப்புன்னு சொன்ன?" "என் தப்புதானம்மா." "ஆமா, அதுக்காக வாயத் தொறந்து சொல்லணுமா?" "சொன்னாத்தானே எப்படி வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். எந்த எடத்துல தப்புப் பண்ணேன்னு யோசிச்சதுலதான கண்டுபுடிச்சதும்." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அம்மா மடியில் கால் இரண்டையும் தூக்கிப் போட்டுக்கொண்டாள். கனமான கால். இந்தக் கால் நாலு வயதில் எப்படி இருந்தது, அந்த ஆஸ்பத்திரி வாசல்படியில் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், வேலை முடிந்து அம்மா வரும்வரை.

பரிமளம் அடுத்த பயத்துக்குக் காத்திருந்தாள். ஒன்று போனால் இன்னொன்று வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும், எப்போதும் அப்படித்தான். ஊரில் அவர் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா. மாடியில் காயப்போட்ட துணி. இந்தப் பிள்ளைக்கு இருபத்தாறு ஆகிறது. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்கிற மாதிரி ஒவ்வொன்றும் போய்விட்டது. அந்த நடை வந்தது, ஈரக் கை வந்தது, அதுவும் இன்றைக்கு நிற்கவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்சம் கீழே ஏதோ இருந்தது, பிசைவது மாதிரி. இதோ வந்துவிட்டது என்று நினைத்து, என்ன அது என்று பொறுமையாகத் தேடினாள். பிறகு அவளுக்கே ஆச்சரியமாகப் போயிற்று. "சங்கவி, எனக்குப் பசிக்குதுடி." மகள் காலை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். "காலைல சாப்பிடலையா நீ?" "இல்ல." "நேத்து ராத்திரி?" பரிமளம் யோசித்தாள். "ஞாபகம் இல்ல." சங்கவி எழுந்து சமையலறைக்குப் போனாள், தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது, மாவுப் பாத்திரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற சத்தம் கேட்டது. முதல் தோசையைக் கோணலாக வார்த்திருப்பாள், அவளுக்கு வட்டமே வராது. "ம்மா, பிஞ்சுருச்சு, பரவால்லையா?" "கொண்டா" என்றாள் பரிமளம்.